புளியங்கட்டையில் ஓர் ஆணி

பலகை பிளக்க, சக்கரங்களில் நாடாபோல் பிளேடு ஓடும் பேண்ட்சா மெஷின் ஒன்று வாங்கலாமென்று இன்று சேலத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். "அகலமான பிளேடுங்க, கோணாமப் போகும்" என்று கடைக்காரர் அதை முறுக்கேற்றி விரலால் சுண்டினார். அந்த ரீங்காரம் என்னைப் புதுச்சத்திரத்தில், இப்போது நால்வழிச் சாலை ஓடும் இடத்தில் இருந்த எங்கள் மர மில்லுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்பா காலையில் பிளேடைச் சுண்டும் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். ஈர மரத்தூளின் வாசம் சோற்றில்கூட இருக்கும். புளியங்கட்டை வந்தால் மட்டும் அம்மா அதை முதலில் கண்மூடித் தடவிப் பார்ப்பாள், ஏனென்றால் பேய் பிடித்ததென்று பெண்களின் முடிக்கற்றையை மரத்தோடு சேர்த்து அறைந்த ஆணிகள் உள்ளே இருக்கும், பட்டால் பிளேடு அறுந்துவிடும். ஆணியை மரம் மூடி வளர்ந்த வீக்கம் அவள் விரலுக்குத் தப்பாது.

ஒருநாள் அவள் பிறந்த ஊரிலிருந்து ஒரு கட்டை வந்தது. அப்பா மெஷினைப் போட்ட பிறகும் அவள் கை அதிலிருந்து எழவில்லை.

"இத அறுக்க வேண்டாமுங்க."

"ஏன், ஆணி கெடக்குதா?"

"கெடக்குதுங்க. அது என்னோடதுங்க."

கோணல் வகிடெடுத்து அவள் எப்போதும் மறைக்கும், முடி முளைக்காத இடத்தை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். சுவிட்சை அணைத்தார், பெரிய சக்கரம் சுற்றி ஓய வெகுநேரம் ஆனது.

மில் இடிபடும்வரை அந்தக் கட்டை அங்கேயே கிடந்தது. அப்பா அதை விட்டு விலகியே நடந்தார். அம்மாவை விட்டும்.