டேப் சுற்றிய வயர்

போன வாரம் மகளின் காரில் பின்பக்க விளக்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. துணைக்கு நானும் பைபாஸ் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "இதத் தொறக்க முடியாது சார். மொத்தமா கழட்டிட்டுப் புதுசுதான் மாட்டணும்" என்றாள் அங்கே வேலை செய்த பெண். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எது கெட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிய ஆள் நான் என்று அவள் அம்மா சொல்லியிருப்பாள். "மாத்திரும்மா" என்று மட்டும் சொன்னேன். உள்ளே எங்கோ வயர் கருகுகிற வாசனை வந்தது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஸ்க்ரூ டிரைவர் கதை உண்மைதான். நான் சரிபார்த்துக் கொடுத்த ஒரு டேபிள் ஃபேன் காற்றைப் பின்பக்கமாகத் தள்ளியது. பக்கத்து வீட்டு ரேடியோ என் கை பட்டபிறகு மழைக்காலத்தில் மட்டும் பாடியது. ஆனாலும் கெட்டதை யாராவது தூக்கி எறியப் போனால் எனக்குப் பொறுக்காது. சிக்கனமெல்லாம் இல்லை, பெருமைதான். "அவன்ட்டக் குடு, பாத்துருவான்" என்று நாலு பேர் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

பல வருஷங்களுக்கு முன்பு ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து நாங்கள் நான்கு பேர் சேசுராஜ் அண்ணனின் பழைய வெள்ளைக் காரில் போய்வருவோம். அவர் வரலாறு நடத்துகிறவர். கதை சொல்ல ஆரம்பித்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை தானாக மேலே வந்துவிடும். "அண்ணே, ரோட்டப் பாருங்க" என்று மற்ற மூன்று பேரும் கத்துவோம். அந்தக் காருக்குள் எப்போதும் கொய்யாப்பழ வாசனை. வழியில் எங்கே கண்டாலும் வாங்கிவிடுவார். இப்போதும் கொய்யாவை நறுக்கினால் எனக்கு முதல் பீரியடு மணி அடிப்பதுபோல இருக்கும்.

அந்தக் காரின் பிரேக் லைட் இரண்டும் எரியாமல் போயின. "கடையில காட்டி எல்லாத்தையும் புதுசா மாத்திருவோம்ப்பா" என்றார் அண்ணன்.

"எதுக்குண்ணே? செத்த நேரத்துல நான் பாத்துத் தாரேன்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். சிவப்பு மூடியைக் கழற்றினால் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி, துருவைத் தேய்த்து எடுத்தேன். கோளாறு அங்கே இல்லை. டிக்கிக்குள் விரிப்புக்கு அடியில், இரண்டு விளக்குக்கும் கரண்ட் கொண்டுபோகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். கையில் ஈயம் தீர்ந்திருந்தது. இரண்டு முனையையும் விரலால் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றினேன். அண்ணன் பிரேக்கை மிதித்தார். காருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி செலின் அக்கா, "எரியுது, எரியுது!" என்று கைதட்டினார்.

"இது தற்சமயத்துக்குத்தாண்ணே. அடுத்த வாரம் ஈயம் வச்சிர்றேன்."

அடுத்த வாரம் பரீட்சை வந்தது. அதற்கடுத்து லீவு. விளக்குதான் எரிகிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

பழைய மாணவர் ஒருவர் சிறுமலையில் புதுவீடு கட்டி அண்ணனைக் கூப்பிட்டிருந்தார். அண்ணன் ராத்திரி மலையில் தங்கிவிட்டுக் காலையில் தனியாக இறங்கினார். பாதையெல்லாம் பனிமூட்டம். ஒரு வளைவில் சரிந்து கிடந்த கல்லைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த வேன் மோதி, கார் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே அவருக்கு உயிர் இல்லை.

பிணவறை வாசலில் வேன் டிரைவர் செல்வம் நெற்றியில் கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். "முன்னால வண்டி நிக்கிறதே தெரியல சார். பிரேக் லைட்டு எரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "தூங்கிட்டு ஓட்டிட்டு லைட்டு மேல பழி போடுறியா?" என்று யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். இன்னும் இரண்டு பேர் கை வைத்தார்கள். எங்கள் காரில் வரும் இன்னொரு ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "நீதானப்பா லைட்டப் பாத்துக் குடுத்த? எரிஞ்சுச்சுல்ல?"

"எரிஞ்சுச்சு" என்றேன்.

அது பொய்யில்லை. அந்தச் சனிக்கிழமை எரிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு செல்வத்தின் பேச்சை யாரும் கேட்கவில்லை. போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பியபின், செலின் அக்காவிடம் சொன்னேன். ஈயம் தீர்ந்தது, டேப் சுற்றியது, தள்ளிப்போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த டிரைவருக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? எங்கிட்ட அழுதா ஒனக்குப் பாரம் கொறையும். அவனுக்கு என்ன கொறையும்? போ."

போனேன். ஸ்டேஷனில் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் செல்வத்தின் வீட்டைத் தேடிப் போனேன். ஜாமீனில் வந்திருந்த அவர் திண்டுக்கல்லில் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். நான் சொன்னதையெல்லாம் அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு நின்றபடியே கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல சார்? அம்புட்டுப் பேரு முன்னால அவர அடிச்சாகளே. நீங்களும் அங்கனதான நின்னிருக்கீக?"



கோர்ட்டிலும் சொன்னேன். உடைந்து நொறுங்கிய காரில் எந்த வயர் எப்போது விட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு விளக்கு எரிந்ததா, எரியவில்லையா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. செல்வம் விடுதலையானார். கோர்ட் வாசலில் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் வண்டி ஓட்டவில்லையாம். குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டார்களாம்.

செலின் அக்கா நாகர்கோவிலுக்குத் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அவர்கள் இருந்த வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். காரில் வந்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் தவறிவிட்டார், இன்னொருவருக்கு நினைவு தப்பிவிட்டது. என்னை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இப்போது இந்த ஊரில் இல்லை. சாயங்காலம் நடக்கப் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் "வணக்கம் சார்" என்கிறார்கள். நானும் வணக்கம் சொல்கிறேன்.