கழற்றி வைத்த பஸ்ஸர்

போன ஞாயிற்றுக்கிழமை, வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கருமாதி. இறந்தவர் காளியம்மா, என் நண்பர் சிவனுவின் மனைவி. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, சமையலறையோடு அவரையும் மூடிவிட்டது.

படையலுக்கு நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுத் தர்ஷினி மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஹட்டனில் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிற பெண்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். உள்ளங்கை அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்ட், குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஒரு சென்சார் துண்டு, சாய்வைப் பார்க்க ஒன்று, எரிய ஒரு சிவப்பு லைட், கத்த ஒரு பஸ்ஸர் — எல்லாம் வயரால் செருகுவதுதான். மேட்டில் குழாய் அடித்துச் சென்சார்களை அதில் இறக்கி, பின்பக்கத் தூணில் போர்டைக் கட்டினாள். மண் அசைந்தால் லைட் எரியும், பஸ்ஸர் கத்தும்.

முதல் மழைக்கே கத்தியது. “காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிற கண்டாக்கய்யா கத்துறத விட ஒம் மிசினு கூடக் கத்துதுடி!” என்று காளியம்மா சிரித்தாராம்.

இந்த போர்டுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எல்லோரும் புகழ்வது ஒன்றைத்தான் — வேண்டாத துண்டைக் கழற்றிவிடலாம், மற்றவை தம் பாட்டுக்கு வேலை செய்யும். நல்ல வசதிதானே?

லயம் அப்படியில்லை. ஒரே கூரை, ஒரே சுவர். ஒரு வீட்டில் சாவு என்றால் வரிசை முழுக்கச் சாவு வீடு. தப்பு மேளச் சத்தம் மட்டும் கேட்கலாம். டீவி, ரேடியோ எல்லாம் கருமாதி வரை வாயை மூட வேண்டும்.

கடைசி வீட்டுப் பெரியவர் இறந்தபோதும் அப்படித்தான்... தர்ஷினி போய் பஸ்ஸரைக் கழற்றி வைத்தாள்.

“யாரும் சொல்லல சார். நானாத்தான் கழட்டுனேன். எழவு வீட்டுல அது கத்துனா என்னா நெனைப்பாங்க?”

மறுநாள் பகலில் கொட்டும் மழை. எல்லோரும் முன்வாசலில். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போடக் காளியம்மா மட்டும் பின்னால் போனார்.

“மண்ணு விழுந்த சத்தம் கேட்டு ஓடுனேன் சார். தூணு அப்படியே நிக்குது. சிவப்பு லைட்டு எரியுது. அது எப்பலேருந்து எரிஞ்சுச்சு? நீங்க பத்திரிகையில தேதி, நேரமெல்லாம் பார்த்து எழுதுறவங்கதானே... சொல்லுங்க.”

மண் விழுவதற்கு முன்பே எரிந்ததா, விழுந்த பிறகா? பார்த்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அவருக்குத்தான் அன்று படையல்.

“தெரியலம்மா” என்றேன்.

சிவனு வந்து நின்றார். “பாப்பா, மிசினை மறுபடி மாட்டலையா?”

“மாமா... இன்னைக்குக் காரியம்...”

“இன்னைக்கு மழை வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? தோட்டத்துல நமக்கு வேற எடம் குடுத்தாங்களா? நாம எல்லாம் இங்கனதானே படுக்கணும். ஒங்கத்தை இருந்தா இந்நேரம் ஏசியிருப்பா — டவுன்ல வேல செய்றவளுக்கு ஒரு வயரு மாட்ட இம்புட்டு நேரமான்னு.”

அவள் அழுதாள். பிறகு எழுந்து போய் சோல்டரிங் அயர்னை எடுத்து வந்தாள். இம்முறை பஸ்ஸரைச் செருகவில்லை, கழற்ற முடியாதபடி பற்றவைத்தாள். சோதித்துப் பார்க்கலாமா என்று எங்களைக் கேட்கவுமில்லை.

படையலுக்கு நடுவே அவள் சோதித்ததில் அது வீறிட்டது. நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை.