சாமி மாடத்துக்கு அந்தப் பக்கம்

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் எங்கள் குடியிருப்பு வரும். காற்று அடிக்கிற பக்கத்தைப் பொறுத்து கோழிப்பண்ணை வாசமும் கூட வரும். புதிதாய் வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரிவதே இல்லை.

எல்லாமே ரெட்டை வீடுகள். நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பின்னால் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செப்டிக் டேங்க். அப்படிக் கட்டினால்தான் என்னைப் போல முட்டை குடோனில் லோடு ஏற்றுகிறவன் ஒரு வீடு வாங்க முடியும். வாங்கும்போது சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. குடிவந்த பிறகுதான் அது எவ்வளவு மெல்லிசு என்று தெரிந்தது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் என் மனைவி இங்கே எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள். அவர்கள் வீட்டில் தும்மினால் நாங்கள் "நூறு வயசு" என்போம். சண்டை நடந்தால் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வோம். அது இந்தத் தெருவில் யாரும் சொல்லித் தராமல் எல்லோரும் கற்றுக்கொண்ட மரியாதை.

அந்தப் பொதுச்சுவரில்தான், ஹாலில், கிழக்கே பார்த்து எங்கள் சாமி மாடம். கட்டினவர்களே ஒரு மாடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். முருகன், மகாலட்சுமி, எங்கள் குலசாமி அம்மன் படம், ஒரு காமாட்சி விளக்கு, ஒரு மணி. காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றி, ரெண்டு பூ வைத்து, மணி அடித்துக் கற்பூரம் காட்டாமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை. எனக்கு மந்திரம் எதுவும் தெரியாது. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. "ஆத்தா, எல்லாரையும் பாத்துக்க" என்பேன். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட இளையவர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலை. போர் போடுவதற்கு வடக்கே போனால் மாசக்கணக்கில் வரமாட்டார். போன வருஷம் அப்படிப் போன இடத்தில் இரும்புப் பைப் சரிந்து இடுப்பில் விழுந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம், ஆனால் கீழே குந்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இங்கே எல்லா வீட்டிலும் கக்கூஸ் பின்பக்கம், படி இறங்கிப் போகவேண்டும், உள்ளே குந்தித்தான் உட்காரவேண்டும். கீழே சட்டி வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் பார்த்தார்கள். சட்டியை எடுத்துக் கொட்டுவது அவர் மனைவி. ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போகிற பெண், வேன் வருவதற்குள் அதையும் முடிக்கவேண்டும். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்குத்தான் தாங்கவில்லை. பொழுது சாய்ந்து சோறு போடும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே பேச்சு.

"எனக்கு வேண்டாம்."

"ரெண்டு வாயாவது தின்னுங்க."

"பசிக்கலீன்னா உட்டுரு."

என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் சொன்னாள். "பசிக்காம இல்லீங்க. தின்னா காலையில போகோணுமே, அதுக்குத்தான் அந்தத் தம்பி வயித்தக் கட்டுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச்சொன்னாலும் வரவில்லை.

"அண்ணா, ஹாலு மூலையிலயே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வெச்சரலாம்னு பாக்கறமுங்க. பைப்பு பின்னால டேங்குக்குப் போறதுக்கு அந்த ஒரு மூலைதான் வாட்டமுன்னு மேஸ்திரி சொல்றாருங்க."

"வெய்யி அம்மணி, அதுக்கென்ன?"

"அது உங்க சாமி இருக்கற செவுருங்கண்ணா. சாமிக்கு நேரா வருது."

அவள் என் மாடத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மறுக்க மனசு இல்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. வீடு குடிபுகும்போது ஐயரை வைத்துப் பூஜை பண்ணி உட்காரவைத்த சாமி. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால், எதிர்ச்சுவரில் வாசல், இன்னொன்றில் ஜன்னல், சமையல் கட்டில் மிக்ஸிக்கு மேலேதான் இடம்.

"சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன், அம்மணி" என்றேன்.

"கேளுங்கண்ணா" என்று போய்விட்டாள்.

எங்கள் பக்கம் பூ கேட்பது என்று ஒன்று உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ரெண்டையும் வெளியே தெரியாதபடி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, மனசில் நினைத்ததைச் சொல்லி ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், கிணறு, வீடு, எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் பூ கேட்காமல் செய்ததில்லை.

லீவு போட்டுவிட்டுக் குலசாமி கோயிலுக்குப் போனேன். அன்றைக்குக் கோயிலில் கூட்டமில்லை. "ஆத்தா, உன்னைய அந்த மாடத்துலிருந்து வேற பக்கம் மாத்தி வெக்கறேன். சம்மதமா?" என்று கேட்டேன். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். பிரித்தேன். சிவப்பு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வெளியே எதையும் பார்த்த ஞாபகமில்லை. அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஓடியது. அம்மன் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவரும் சாப்பிடாமல் படுப்பார், அதையும் நான் இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"என்னன்னு கேட்டீங்க?"

"மாடத்துலிருந்து மாத்தி வெக்கட்டுமான்னு."

"வேண்டாம்னு சொல்லிருச்சு."

"ஆமா."

"சரி, மாத்த வேண்டாம். அங்கயே இருக்கட்டும். அந்தத் தம்பி டாய்லெட்டு கட்டலாமான்னு கேட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படிங்க ஒண்ணாகும்? நான் இங்கிருந்து நகரமாட்டேன்னு அது சொல்லுது. அவங்க கட்டக்கூடாதுன்னு எங்க சொல்லுச்சு? அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரிஞ்சுதான் இங்கயே இருக்கேங்குது."

இவள் தனக்கு வேண்டியபடி வளைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது. மறுபடியும் போய் அந்தக் கேள்வியையும் கேட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் சட்டையை மாட்டப் போன கை நின்றுவிட்டது. அதற்கும் சிவப்பு வந்தால் என்ன செய்வேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அப்போதும் எனக்கு அந்தப் பெண்ணிடம் கூடாது என்று சொல்ல வராது என்று தெரிந்தது. கேட்டபடி நடக்கிறதாக இருந்தால்தான் கேட்கவேண்டும். நான் போகவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், "மேஸ்திரிய வரச்சொல்லு அம்மணி. நானும் கூட நிக்கறேன்" என்றேன்.

சுவரைக் கொத்தும்போது இந்தப் பக்கம் மாடத்திலிருந்த படங்கள் ஆடின. எடுத்துக் கீழே வைக்காமல், வேலை முடிகிற வரைக்கும் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மாற்றக் கூடாது என்று உத்தரவு ஆகியிருந்ததே.

எதிர்வீட்டுப் பெரியவர், ரிட்டையர்டு கண்டக்டர், வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏனுங்க, சாமிக்கு முதுகுப் பக்கம் கக்கூஸா? கேட்டாலே குளிக்கோணும் போல இருக்குது."

என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க வயித்துக்குள்ள என்னங்க மாமா, சந்தனமா இருக்குது? அதையும் தூக்கிட்டுத்தானே தெனம் கோயிலுக்குப் போறீங்க?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கூட எவன் பேசறது, சாமி" என்று உள்ளே போய்விட்டார்.

டாய்லெட் வந்தது. பிடித்து எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பியும் வைத்தார்கள். பொழுது சாய்ந்து "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்று குழம்பு கேட்கிற சத்தம் வர ஆரம்பித்தது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. பூஜை நேரத்தில் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் வரவே இல்லை என்பதையும் கவனித்தேன். அம்மன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண்தான் பேச்சுவாக்கில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் விடிந்ததும் எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாராம். நான் குளித்து, பூ வைத்து, மணி அடித்து, கற்பூரத்தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வாக்கரைத் தொடுவாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லேட்டாகக் குளிப்பேன். அப்போதும் அப்படித்தானாம்.

போய்க் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க சாமி கும்புடறப்ப எப்படிங்கண்ணா..."

"அடக்கிட்டு உக்காரத்தானா கட்டுனது? வந்தா போயிரு, தம்பி."

"சத்தம் கேக்குமுங்க."

"நான் அடிக்கற மணி உனக்குக் கேக்குதில்ல? அது கேக்கட்டும், இது கேக்கட்டும்."

சரி என்றார். ஆனாலும் மறுநாளும் சத்தமில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்குத்தான் பூஜையில் மனசு நிற்கவில்லை. விளக்கேற்றும்போதே, அந்தப் பக்கம் ஒருத்தர் எனக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்பு.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மணியை எடுத்து அடித்துக்கொண்டிருக்கும்போதே, மாடத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. கை ஒரு கணம் நின்றது. பிறகு, நிறுத்தினால் அவருக்கும் கேட்குமே என்று, விடாமல் அடித்தேன். முடித்து, கற்பூரம் காட்டி, "ஆத்தா, எல்லாரையும் பாத்துக்க" என்றேன். அந்தப் பக்கம் வாக்கர் தரையில் ஊன்றி ஊன்றிக் கட்டில் வரைக்கும் போயிற்று.