என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் வந்து போவது அந்த வருஷம் நிற்காமல் போக ஆரம்பித்தது. “வயசு திரும்புது, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள். கூடையோடு மேட்டில் ஏறினால் கண் இருட்டும். நகமெல்லாம் வெளுத்துவிட்டது. தோட்டத்து மருந்து ஐயாவிடம், ஓர் ஆண்பிள்ளையிடம், இதை எப்படிச் சொல்வது? தலைசுற்றல் என்று மட்டும் சொல்வேன். அவரும் அதற்குத்தான் மருந்து ஊற்றித் தருவார்.

என் வீட்டுக்காரருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். நெஞ்சு எரிகிறது என்பார். சில நாள் இடது கை தோளிலிருந்து விரல்வரை கடுக்கும்.

“நாள் பூரா கத்தி புடிச்சா வலிக்கத்தான் செய்யும்.”

“கத்திய வலது கையிலதானே புடிக்கிறீங்க?”

சிரித்துவிட்டு, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த அக்கா என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதாள். அதற்குப் பிறகு என் வேலையையும் வீட்டுக்காரரே செய்தார். தண்ணீர் சுமந்தார், விறகு பிளந்தார். பனி கொட்டும் காலையிலும் அவர் நெற்றியில் வேர்வை நின்றது. அதை முந்தானையால் துடைத்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் விழுந்துவிட்டேன். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வண்டி ரோடு மேலே இருந்தது. கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி என்னைக் கிடத்தினார்கள். முன்னால் அவர், பின்னால் அவர் தம்பி.

“நீங்க விடுங்க, வேற ஆளு தூக்கட்டும்.”

“பேசாம படு, புள்ள.”

ஏற்றம் முழுவதும் அவர் மூச்சுதான் கேட்டது. வர வர அது வாயால் இழுக்கும் சத்தமாயிற்று.

“அண்ணே, கொஞ்சம் இறக்கி வச்சிட்டுப் போவோமா?” என்று தம்பி கேட்டார். அவர் நடையை நிறுத்தவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் என் தலை இடிக்காமல் மெல்ல இறக்கினார். வண்டியில் ஏற்றினார்கள். “தம்பி கூட வருவான். நான் கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் பின்னாலயே வர்றேன்” என்று ஒரு கல்லில் உட்கார்ந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. வண்டி வளைவு திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு விசாரித்தார். முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து கொடுத்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. கேட்டால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். என் நெற்றிக் குங்குமத்தை அழிக்க அவள் கை நீண்டபோதுதான் தெரிந்தது. அந்தக் கல்லிலேயே சாய்ந்துவிட்டாராம். அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

உதிரப்போக்கு மெல்ல மெல்ல நின்றது. தேறி வந்து, தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன். தம்பிக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது. விறகுக்கட்டோடு மேட்டில் ஏறும்போது பாதியில் நிற்கிறார். என்ன என்று கேட்டால், “சும்மாதான் மதினி, மலையப் பார்த்தேன்” என்கிறார்.

போன வாரத்திலிருந்து விறகை நான்தான் தூக்குகிறேன்.