வால்வுக்கு ஜுரம் பார்த்தது

தண்டையார்பேட்டையில் நானும் ஒரு கூட்டாளியும் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஆம்ப்ளிபயரில் பாட்டைப் பெரிதாக்கித் தள்ளுபவை பல்பு மாதிரி இரண்டு கண்ணாடி வால்வுகள். இரண்டும் ஒரே சூட்டில் எரிய வேண்டும். ஒன்று கரண்டை அதிகமாக இழுத்தால் உள்ளே தகடு சிவந்து செத்துப்போகும். அதை அடக்கி வைக்கத்தான் வால்வுக்கு ஒன்றாகப் பயாஸ் திருகு. மீட்டர் எங்களிடம் கிடையாது; என் விரல்தான் மீட்டர். கண்ணாடியைத் தொட்டதும் இரண்டிலும் ஒரே வேகத்தில் கையை எடுத்தால் சரி. இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த மாசியில் என் மனைவி விஷ ஜுரத்தில் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்தேன். மாலையில் கொருக்குப்பேட்டையில் ஒரு கல்யாணம். ஒரு வால்வு பழசு, இன்னொன்று மூர் மார்க்கெட்டில் அன்று வாங்கியது. உபரி கிடையாது. ஒன்று போனாலும் எங்கள் பிழைப்பு போச்சு.

பழையதைத் தொட்டேன், சூடு தெரியவில்லை. புதியதிலும் தெரியவில்லை. இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்று விரலை அப்படியே வைத்திருந்தேன்.

"கை வெந்துகினு கீது மாமு, உனுக்குத் தெர்ல?" என்றான் கூட்டாளி.

விரல் நுனி வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. மீட்டர் கெட்டுவிட்டது. உடனே எனக்கு ஒரு மேதாவி யோசனை. வீட்டுக்கு ஓடி, சும்மா கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துவந்து புது வால்வில் நூலால் கட்டினேன். அவளுக்கு நூற்றுநாலு வரை காட்டியது. வால்வுக்கு நூற்றுப்பத்தைத் தொட்டதும் டப்பென்று வெடித்து, பாதரசம் மேசையெல்லாம் ஓடியது. வால்வுக்கு ஜுரம் பார்த்த வைத்தியன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

கூட்டாளி திட்டவில்லை. பாதரசத்தைக் காகிதத்தில் வாரிப் போட்டான்.

"நீ திருகு மாமு. நான் தொட்டுப் பாக்கறேன்."

தொடும்போதெல்லாம் கையை உதறி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். எந்த வால்வுக்கு வார்த்தை நீளமோ அதை அடக்கினேன். இரண்டுக்கும் ஒரே வார்த்தை வந்ததும் திருகுவதை நிறுத்தினேன்.

துக்கக்காரன் கண்ணில் படக்கூடாதென்று பந்தலுக்குப் பின்னால் கோணி மேல் உட்கார்ந்தேன். சத்தம் ஜோராக இருப்பதாகப் பெண்வீட்டார் சொன்னார்களாம், கூட்டாளி வந்து சொன்னான். சரி என்றேன். வால்வுகள் இரண்டும் ஒரே மாதிரி எரிந்துகொண்டிருந்தன.