குழாய்ச் சல்லடையும் நாலடி மேடையும்

என் கணவர் பிசிக்ஸ் வாத்தியார். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. விழுப்புரத்தில் நாங்கள் வீடு கட்டியபோது சமையலறைக் குழாயை மட்டும் அவரே பாண்டிச்சேரிக்குப் போய் வாங்கி வந்தார். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக, சத்தமில்லாமல் விழும். வீடு பார்க்க வந்தவர்களையெல்லாம் நேராகச் சமையலறைக்குத்தான் கூட்டிப் போவார். "காத்தைக் கலந்து உடுது, பாத்தீங்களா?" என்று திறந்து காட்டுவார். பூஜை அறை பக்கம் யாரும் போனதாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். ஒரு வருடத்துக்குள் குழாயில் பால் நின்றுபோய் நூல் வர ஆரம்பித்தது. காலையில் அரிசி களைய வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் பாத்திரம் பாதிதான் நிறைந்திருக்கும்.

"இன்னாங்க, பைப்புல தண்ணியே வர்ல. கொஞ்சம் பாருங்களேன்."

அவர் பார்த்தார். குழாயை அல்ல, மொட்டை மாடியை. பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் வீடு, டேங்க், அம்புக்குறி எல்லாம் வரைந்தார். "பிரஷர் பத்தல. டேங்க்கை நாலடி தூக்கணும்" என்று முடித்தார். "பாத்ரூம்ல நல்லாத்தானே வருது?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். "அது வேற லைனு. உனக்குச் சொன்னா புரியாது."

மேஸ்திரி வந்தார். டேங்குக்குப் பக்கத்திலேயே செங்கல் மேடை எழும்பியது. அது காய்ந்த பிறகுதான் டேங்க்கைத் தூக்கி வைப்பார்களாம். அதுவரை மேடைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை எனக்கு. சமையலறைக் குழாயில் வாளி நிரம்புவதற்குள் மேடை காய்ந்து வெடித்துவிடும் என்று பாத்ரூமிலிருந்து சுமந்துகொண்டு போனேன்.

மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது என் விரல் தற்செயலாகக் குழாயின் வாயில் பட்டது. சொரசொரவென்று இருந்தது. குனிந்து அண்ணாந்து பார்த்தேன். உள்ளே டீ வடிகட்டி மாதிரி ஒரு சல்லடை. அதன் கண்ணெல்லாம் சுண்ணாம்பு அடைத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம். வளையம் என்றால் கழலத்தானே வேண்டும்? துணியைச் சுற்றித் திருகினேன், அசையவில்லை. துணிக்கு மேலேயே குறடால் பிடித்து ஒரு திருகு திருகினேன். கையோடு வந்துவிட்டது.

உள்ளே மணல், வெள்ளைக் கட்டி, பிளம்பர் சுற்றிய டேப்பில் ஒரு துணுக்கு. எலுமிச்சைச் சாறு பிழிந்து ஒரு கிண்ணத்தில் ஊறவைத்தேன். இடைப்பட்ட நேரத்தில் குழாயை வெறுமனே திறந்து பார்த்தேன். தண்ணீர் சிங்க்கில் மோதி என் முகத்தில் அடித்தது. ஒரு வருடக் கோபம் அதற்கும் இருந்திருக்கும். ஊறியதைப் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வாஷரை முதலில் வைத்து, கையால் இறுக்கினேன். பிரஷ் அவருடையது.

சாயங்காலம் வந்தவர் கை கழுவக் குழாயைத் திறந்தார். பால் கொட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா! நாலடி ஏத்துனா எப்டி வருதுன்னு பாத்தியா!"

"டேங்க் இன்னும் கீழதாங்க இருக்குது."

மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ பண்ணது மெயின்டனன்ஸ். நான் சொன்னது டிசைன். ரெண்டும் வேற" என்றார். அடுத்த வாரம் நாலு ஆட்கள் முக்கி முனகி டேங்க்கை மேடையில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் மேடைக் கதை மட்டும் பரவியது. சல்லடை அதில் இல்லை.

அதைக் கேட்டுத் திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார் ஒருவரும் தன் வீட்டு டேங்க்கை ஏற்றிவிட்டார். ஏற்றியும் சமையலறையில் நூல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலோசனைக்கு எங்களைக் கூப்பிட்டார். வாத்தியார்கள் இருவரும் அளக்கிற டேப்போடு மாடி ஏறினார்கள். சமையலறையில் கணக்கு வாத்தியாரின் மனைவி என்னிடம், "பேஜாரா பூடுச்சிக்கா, கீரை அலசவே அரை நாள் ஆவுது" என்றாள். குறடு கேட்டேன். காபி கொதிப்பதற்குள் வேலை முடிந்தது. சிங்க்கில் விழுந்த தண்ணீரைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்தவே இல்லை. மாடியிலிருந்து என் கணவர் குரல் கேட்டது: "இன்னும் ரெண்டடி ஏத்தினீங்கன்னா சரியாப் பூடும் சார்."

அவள் படிக்கட்டில் போய் நின்று கத்தினாள். "ரெண்டு பேரும் எறங்கி வாங்க! பைப்பு ரெடி ஆயிடுச்சி. அக்கா பண்ணிட்டாங்க, கீழ இருந்துகினே!"

இருவரும் இறங்கி வந்து காபி குடித்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் குழாயை இரண்டு முறை திறந்து மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி தாண்டியதும் என் கணவர் முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்.

"அது எந்தப் பக்கம் திருப்புனா கழலுது?"

"கீழ இருந்து பாத்தா இடது பக்கம்."

தலையாட்டினார். பஸ் அடுத்த நிறுத்தத்தில் நிற்பதற்குள், இடது பக்கம் திருப்பினால் ஏன் கழலுகிறது என்று எனக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.