காணாமல் போன கோடுகள்

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் தேனியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வடிவமைப்புக்கு நாங்கள் இரண்டே பேர்: நானும், கம்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்காவும். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிட ஒரு விவசாயிகள் சங்கம் புரோகிராம் கேட்டிருந்தது. அதற்கான மாதிரிப் படத்தை முதலில் வரைந்தோம். வயல், மடை, முறை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எது எதோடு சேர்ந்தது என்று காட்ட இடையே கோடுகள். வயல் பகுதி அக்காவுக்கு, மடைப் பகுதி எனக்கு. முழுப் படத்தின் நகலை ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு அவரவர் பகுதியை வரைவோம். சனிக்கிழமை மத்தியானம் அக்கா இரண்டு ஃபைலையும் ஒன்றாகச் சேர்ப்பார்.

முதல் வாரம் சேர்த்தபின் பார்த்தால், மடையிலிருந்து வயலுக்கு நான் போட்ட கோடுகள் மட்டும் இல்லை. நான்தான் சேமிக்க மறந்திருப்பேன் என்று மறுபடி போட்டேன். அடுத்த வாரமும் காணோம். அக்காவின் கட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. "ஒரு மடைக்கு இத்தன வயலா, இது சரிப்படாது" என்று அவர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அதன்பின் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ஸ்கிரீனை அணைத்துவிட்டுத்தான் போனேன். மூன்றாம் வாரம், சேர்ப்பதற்கு முன்பே என் படத்தைப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கோடுகள் மறுபடியும் போயின. தாளை அவர் மேசையில் வைத்தேன்.

"அக்கா, நீங்க அழிச்சீகளா?"

அவர் டிராயரைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். "நானும் எம் படத்தப் பிரிண்ட் எடுத்துத்தான் வச்சிருக்கேன். எந்தக் கட்டமும் கொறையல, பாத்துக்க. கோட்டப் போடாம விட்டுட்டு எம்மேல பழியப் போடுறியோன்னு நெனச்சேன்."

"வயல் கட்டத்துல ஏதாச்சும் மாத்துனீகளா?"

"எங் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாத் தெரிஞ்சுச்சு. அழிச்சுட்டு அதே பேருல புதுசா வரைஞ்சேன். வாராவாரம் அப்படித்தான்."

உடனே சோதித்தோம். கட்டத்தை நகர்த்திவிட்டுச் சேர்த்தால் கோடு நின்றது. அழித்து வரைந்து சேர்த்தால் போய்விட்டது. பெயர் ஒன்றானாலும் படம் வரையும் மென்பொருளுக்கு அது வேறு கட்டம். பழையதை நீக்கும்போது அதில் முட்டிய என் கோடுகளையும் சேர்த்தே நீக்கியிருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. "மொத வாரமே கேட்டிருக்கலாம்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கட்டத்தை அழிக்காமல் பெயரை மட்டும் திருத்தினார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, இருவருமாகவே சேர்த்தோம். ஒரு கோடும் போகவில்லை. சங்கத்தாரும் படத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அவர் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் என் கண் அந்த விரலிலேயே இருந்தது. அது அவருக்கும் தெரியும்.